நூறோடு முப்பத்து மூன்று

மெட்டல் டிடெக்டர் செய்கிறவன் என்று தெரிந்தால் எவரும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் போகும் சார்?" என்றுதான். நொடிக்கு எத்தனை பல்ஸ் அடிக்கிறது என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. என் உழைப்பில் பெரும்பங்கு போனதோ அந்த எண்ணைத் தேடுவதில். ஆழத்தைத் தீர்மானிப்பதும் கடைசியில் அந்த எண்தான். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்கள் நினைக்கிற வழியில் இல்லை.

பல்ஸ் இண்டக்‌ஷன் கருவியின் அடிப்படை எளிது. காயிலில் மிகக் கொஞ்ச நேரம் கரண்டை ஓடவிட்டு, சட்டென்று வெட்ட வேண்டும். வெட்டிய கணத்தில் காயிலைச் சுற்றியிருந்த காந்தப்புலம் சரிகிறது. பக்கத்தில் உலோகம் இருந்தால், அந்தச் சரிவு அதற்குள் ஒரு சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிவிடும். காயிலில் எல்லாம் அடங்கிய பிறகும் உலோகத்துக்குள் அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பிடிப்பதுதான் மொத்த வேலையும். 1966-இல் 'ஆர்க்கியோமெட்ரி' இதழில் கொலானி இதைத் தொல்லியலுக்கான கருவியாக எழுதினார். பிறகு எரிக் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேயர் இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். நாங்கள் சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கிய பாகங்களை வைத்துச் செய்ததெல்லாம் அந்தப் பரம்பரைதான்.

நான் வழக்கமாகச் சுற்றும் காயில் 25 செ.மீ. விட்டம், 24 கேஜ் எனாமல் கம்பி, 22 சுற்று. இண்டக்டன்ஸ் ஏறக்குறைய 300 மைக்ரோஹென்றி வரும். கம்பி, கேபிள், கரண்டை வெட்டும் மாஸ்ஃபெட் எல்லாம் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் 2 ஓம். 12 வோல்ட்டை 100 மைக்ரோ விநாடி கொடுத்தால் கரண்ட் 3 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக ஏறி நிற்கும். வெட்டும்போது காயில் திருப்பி அடிக்கிற அடியில் மாஸ்ஃபெட்டின் முனையில் 400 வோல்ட் தெரியும். நான் போடும் ஐஆர்எஃப் 740 ரக மாஸ்ஃபெட் அதைத் தாங்கிக்கொள்கிறது. அந்த அடி அடங்கப் பத்துப் பதினைந்து மைக்ரோ விநாடி ஆகும். அதற்குப் பிறகு ஒரு சாம்பிள் எடுக்கிறோம். இன்னும் 200 மைக்ரோ விநாடி கழித்து, உலோகத்தின் ஓட்டமும் செத்த பிறகு, இரண்டாவது சாம்பிள். முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது உலோகம். பூமியின் காந்தப்புலத்துக்குள் காயிலை ஆட்டுவதால் வரும் சலனம் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துபோகும்.

இதை நொடிக்கு எத்தனை முறை செய்வது?

பையன்களின் முதல் பதில், "எவ்வளவு முடியுமோ அவ்வளவு." அதில் நியாயம் உண்டு. பல சாம்பிள்களைச் சராசரி எடுத்தால் தாறுமாறான இரைச்சல் குறையும். ஆனால் நாலு மடங்கு பல்ஸ் அடித்தால் லாபம் இரண்டு மடங்குதான், வர்க்கமூலக் கணக்கு. அந்த இரண்டு மடங்கு உணர்திறனும் மண்ணுக்குள் என்னவாகிறது? காயிலிலிருந்து காசுக்குப் போகும் புலம் தூரத்தின் கனத்தில் தேய்கிறது. காசிலிருந்து திரும்புவதும் அப்படியே. இரண்டையும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு. ஆகவே 1000 பல்ஸை 4000 ஆக்கினால் 25 செ.மீ.யில் பிடித்த காசை 28 செ.மீ.யில் பிடிக்கலாம். அந்த மூன்று செ.மீ.க்காக பாட்டரி நாலு மடங்கு வேகத்தில் காலியாகும். நான் சொன்ன காயில் 1000 பல்ஸுக்கு 160 மில்லி ஆம்பியர் குடிக்கும்; 4000-க்கு 650. மாஸ்ஃபெட்டுக்குத் தனியாக ஹீட் சிங்க் வேறு வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். வெளியிலிருந்து வருகிற இரைச்சலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 25 செ.மீ. 36, 37 ஆகிவிடும். பாட்டரிக்குச் செலவே இல்லை. அந்தப் பத்து மடங்கு லாபம், சரியான எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கிடைக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது மேடவாக்கத்தில்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் உள்ள சந்திப்பு. நான் வந்தபோது ஏரியும் வயலும் மிச்சமிருந்தன. இப்போது மேம்பாலமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் மெட்ரோ தடத்தின் தூண்களும் இருக்கின்றன. என் பட்டறை மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை. தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மர். மூன்று பக்கமும் அடுக்கு மாடி. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், எல்ஈடி விளக்கு, போர்வெல் மோட்டார். காயில் என்பது நல்ல ஆன்டெனாவும்கூட. மாடியில் நின்று கருவியைத் திறந்தால் முதலில் கேட்பது இந்தத் தெருதான்.

ஈபி கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது மட்டும் என்றால் பயமில்லை. முதல் சாம்பிளுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 200 மைக்ரோ விநாடிதான். அதற்குள் 50 ஹெர்ட்ஸ் அலை பெரிதாக மாறாது, கழித்தலில் 94 சதவீதம் போய்விடும். தொல்லை தருவது அதன் மடங்குகள்: 150, 250, 350 என்று ஆயிரத்தைத் தாண்டியும் போகும் ஹார்மோனிக்குகள். 950 ஹெர்ட்ஸுக்கு அந்த 200 மைக்ரோ விநாடி நீண்ட நேரம். அதற்குள் அலை தன் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. கழித்தால் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடுகிறது.

சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் நின்றது போலவோ, மெல்லப் பின்னால் சுற்றுவது போலவோ தெரியும் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். நாம் நொடிக்கு 1050 முறை சாம்பிள் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-இன் 21-ஆம் மடங்கான 1050 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒவ்வொரு சாம்பிளிலும் ஒரே முகத்தைக் காட்டும். கருவிக்கு அது நகராத உலோகம். நம் எண் 1051 என்றால் அந்த இரைச்சல் நொடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கும். கையில் பிடித்த காயில் ஒரு காசைத் தாண்டிப் போக எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதேதான். எந்த ஃபில்டரும் இரண்டையும் பிரிக்காது. ஹெட்போனில் முனகல் எழுந்து எழுந்து அடங்கும். தோண்டினால் ஒன்றும் இருக்காது.

ஆகவே நம் எண்ணும், அதன் இருமடங்கும், மும்மடங்கும், அதற்கு மேலும், 50-இன் வலுவான மடங்குகளிலிருந்து விலகி நிற்க வேண்டும். எவ்வளவு விலக வேண்டும்? கருவியின் ஃபில்டர் 5 ஹெர்ட்ஸுக்கு மேலிருப்பதை அமுக்குகிறது என்றால், 15 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் நிம்மதி.

நடுவில் நிற்கலாம் என்று 1025 வைக்கத் தோன்றும். 1000-க்கும் 1050-க்கும் சமதூரம், 25 ஹெர்ட்ஸ். ஆனால் அதன் இருமடங்கு 2050, அது 50-இன் 41-ஆம் மடங்கு. நேராகப் போய் முட்டுகிறது.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது. மின்சார அலையின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். அடாப்டரும், எல்ஈடியும், ஃபேன் ரெகுலேட்டரும் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரிதான் கரண்டை உறிஞ்சுகின்றன. அதனால் ஒற்றைப்படை மடங்குகள்தான் வலுவானவை. 100, 200, 300 என்ற இரட்டைப்படை மடங்குகள் சவலை. முட்டியே ஆக வேண்டும் என்றால் அவற்றோடு முட்டுவது மேல். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் அதற்கு ஒரு வாய்பாடு வருகிறது: நூறின் மடங்கோடு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும். 1033.33 எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள ஒற்றைப்படை மடங்கு 1050, 16.7 ஹெர்ட்ஸ் தள்ளி. இருமடங்கு 2066.67, 2050 அதே 16.7 தள்ளி. மும்மடங்கு 3100, அது 50-இன் 62-ஆம் மடங்கு, இரட்டைப்படை, சவலை. அதற்கு மேல் இதே வரிசை திரும்பத் திரும்ப வரும். நூறோடு அறுபத்தாறே சொச்சம் சேர்த்தாலும் இதே பலன்.

இப்போது எளிதாகச் சொல்கிறேன். ஆனால் நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது இந்த எண்ணால் பயன் இருந்திருக்காது. அப்போது தென்னக மின்கட்டமைப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பற்றாக்குறைக் காலத்தில், குறிப்பாக மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், 50 என்பது பெயருக்குத்தான். 49.2 வரை இறங்கினால் அதன் 21-ஆம் மடங்கு எங்கே போகும் என்று பெருக்கிப் பாருங்கள்: 1033.2. மத்தியானம் மௌனமாக இருக்கும் கருவி மாலை ஏழு மணிக்குப் புலம்பும். அதனால் அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு திருகு வைத்தோம். முனகல் அடங்கும்வரை திருக வேண்டியதுதான். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை வால்யூம் என்றே நினைத்தார்கள்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அதன் பிறகு அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. 21-ஆம் மடங்கு என்று பார்த்தால் 1048-லிருந்து 1051 வரைதான் ஆடும். 1033 அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. பத்திரிகைகளில் அந்த இணைப்பைப் பற்றி மின்சாரம் வாங்குவது, விற்பது என்ற கோணத்தில் எழுதினார்கள். எனக்கு அது திருகை எடுத்துவிட்டு எட்டு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடலாம் என்ற செய்தி.

எல்லாம் சரி, தெரு முழுக்க அணைந்துவிட்டால் என் கருவி எவ்வளவு நல்லது என்று பார்க்க ஆசை உண்டு. அதற்கு வர்தா வர வேண்டியிருந்தது. 2016 டிசம்பர் 12 அன்று அடித்த புயலில் மேடவாக்கம், பள்ளிக்கரணை, சேலையூர் பக்கமெல்லாம் மரமும் கம்பமும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. முதல் இரவு மாடியில் கருவியைத் திறந்தால் சத்தம் குறையவில்லை, மாறியிருந்தது. வீட்டு இன்வெர்ட்டர்கள். சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு ஓர் அதிர்வெண்ணில் ஓடும். ஹார்மோனிக்கும் அதில் அதிகம். பாட்டரி தீரத் தீர அவை ஒவ்வொன்றாக அடங்குவது ஹெட்போனில் கேட்டது. நள்ளிரவுக்கு மேல் எதுவுமே இல்லை. ஐந்து ரூபாய்க் காசை ஸ்கேலில் நகர்த்திப் பார்த்தேன். வழக்கமாக 24 செ.மீ.யில் தொலைகிற காசு 30-ஐத் தாண்டியும் தெரிந்தது. என் சர்க்யூட்டின் சொந்த இரைச்சல் என்று அதுவரை நான் நம்பியிருந்ததில் முக்கால்வாசி அக்கம்பக்கத்தினுடையது.

சோறு போட்டது என்னவோ மண்ணில் தேடும் கருவி இல்லை; டோர் ஃப்ரேம்தான். மால், கோயில், கோர்ட், கட்சிக் கூட்டம் என்று எங்கும் நிற்கிற அந்தக் கதவுச் சட்டம். பெரும்பாலானவற்றுக்குள்ளே இருப்பது இதே பல்ஸ் முறைதான். காயில் மட்டும் ஆள் உயரத்துக்கு நீண்டு, ஜோன்களாகப் பிரிந்திருக்கும். எந்த உயரத்தில் உலோகம் என்று காட்டுவதற்காக ஜோன்களை மாற்றி மாற்றி அடிப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஆறு ஜோன் கேட் ஒன்று நன்றாக விற்றது. மொத்தம் நொடிக்கு 1000 பல்ஸ், ஆறு ஜோனுக்கும் முறை வைத்து. பிறகு ஒரு டெண்டரில் எட்டு ஜோன் கேட்டார்கள். அதே போர்டு, அதே 1000, இரண்டு ஜோன் கூடுதல். மேசையில் ஒழுங்காக இருந்தது. நிறுவிய இடத்தில் ஆள் இல்லாமலே விளக்குகள் ஏறி இறங்கின. காயிலை மாற்றினார்கள், எர்த்தை மாற்றினார்கள், அலுமினியச் சட்டத்தின் மீது பழி போட்டார்கள். ஒரு மூத்த டெக்னீஷியன் லிஃப்ட் மோட்டார்தான் காரணம் என்று சத்தியமே செய்தார்.

காரணம் வகுத்தலில் இருந்தது. 1000-ஐ ஆறால் வகுத்தால் ஒரு ஜோனுக்கு 166.67. நூறோடு அறுபத்தாறே சொச்சம்! யாரும் திட்டமிடாமலே அந்தப் பழைய கேட் நல்ல எண்ணில் உட்கார்ந்திருந்தது. எட்டால் வகுத்தால் 125. அதன் இருமடங்கு 250. ஈபி லைனில் அழுக்கு அதிகம் சேரும் இடங்களில் ஒன்று அந்த ஐந்தாவது ஹார்மோனிக். போர்டில் எதையும் தொடாமல் மொத்த எண்ணை மட்டும் 1066.67 ஆக்கினோம். எட்டால் வகுத்தால் 133.33. இதில் இன்னொரு வரவும் உண்டு. எட்டு சாம்பிளைச் சராசரி எடுத்தால் சரியாக 60 மில்லி விநாடி, மின்சாரத்தின் மூன்று முழுச் சுற்று. மேலும் கீழும் தானே கழிந்துபோகும். கேட் அடங்கிவிட்டது. லிஃப்ட்காரர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

அடுத்த தலைவலி, கேட்டுக்கு கேட். ஒரு கோயிலில் திருவிழாவுக்காக மூன்று டோர் ஃப்ரேம்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். காவலர் ஃபோனில் அழைத்தார்: "அண்ணே, ஆளே இல்ல, மூணும் கத்துது. அப்புறம் தானா நின்னுடுது. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் கத்துது." எவ்வளவு நேரம் கழித்து என்று மணி பார்க்கச் சொன்னேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறை என்றார். அந்த அரை நிமிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மூன்றிலும் ஒரே ரகக் கிரிஸ்டல், ஒரே எண். ஆனால் எந்த இரண்டு கிரிஸ்டலும் அச்சாக ஒன்றாக இருக்காது. பத்து லட்சத்தில் முப்பது பங்கு வித்தியாசம் சகஜம். 1000 பல்ஸ் ஓட்டத்தில் அந்த வித்தியாசம் 33 விநாடிக்கு ஒரு முறை ஒரு கேட்டின் பல்ஸைக் கொண்டுவந்து பக்கத்து கேட்டின் சாம்பிள் நேரத்தில் போடும். ஓரிரு விநாடி இரண்டும் ஒன்றன் காதில் ஒன்று கத்தும், பிறகு நழுவிப் போகும்.

இதற்கு முறையான மருந்து சிங்க் கேபிள். ஒரு கேட் தாளம் போடும், மற்றவை அதைப் பின்பற்றும். எல்லாம் ஒரே கணத்தில் அடித்து ஒரே கணத்தில் கேட்டால் சண்டையில்லை. ஆனால் கோயில் வாசலில் கேபிள் நீடிக்காது. கழுவி விடுவார்கள், தேர் போகும், எலி கடிக்கும். கேபிள் அறுந்தால் ஒவ்வொரு கேட்டும் தானாகத் தனக்கென வைத்த வேறு எண்ணுக்கு, 1033, 1067, 1133 என்று, மாறிக்கொள்ளும்படி எழுதி வைத்தேன். பக்கத்து பல்ஸ் வந்து விழும் ஒற்றைச் சாம்பிளைத் தூக்கி எறியவும் ஒரு வரி சேர்த்தேன். கேபிள் இருக்கும்போது இருக்கிற தரம் வராது, திருவிழா நடக்கும்.

மண்ணில் தேடும் கருவிக்குத் திரும்புகிறேன். இதில் எண் மாறுவது தேடும் பொருளைப் பொறுத்து. புதிதாகத் தார் போட்ட சாலைக்கு அடியில் மறைந்த மேன்ஹோல் மூடியைத் தேட ஒரு கான்ட்ராக்டர் கேட்டார். பெரிய வார்ப்பிரும்பு, அதற்குள் சுழல் மின்னோட்டம் மெல்லக் கிளம்பி மெல்லச் சாகும். ஒரு மீட்டர் சதுரக் காயில், 300 மைக்ரோ விநாடி பல்ஸ், நொடிக்கு 133. போதும்.

தங்கச் சங்கிலி நேர் எதிர். கெட்டியான மோதிரம் நன்றாகப் பேசும். சங்கிலி ஒரே பொருளாகத் தெரியாது. கண்ணிகளுக்கு இடையே தொடுதல் சரியில்லாததால் ஒவ்வொரு கண்ணியும் தனிச் சிறு வளையம். அதன் ஓட்டம் சில மைக்ரோ விநாடியில் செத்துவிடும். அதற்கு நீண்ட பல்ஸ் வீண். 50 மைக்ரோ விநாடி போதும், மிச்சமாகும் பாட்டரியில் அதிக முறை அடிக்கலாம். வாய்பாட்டின்படி 3033 வைத்தேன். கோவளத்திலும் பெசன்ட் நகரிலும் அருமையாக ஓடியது.

அதே கருவியைத் திருச்செந்தூர் கடற்கரைக்குக் கொண்டுபோனபோது காயிலை மணலில் வைக்கும் முன்பே கரகரவென்றது. பல்ஸை நிறுத்தி ரிசீவரை மட்டும் ஓட்டினேன்; அப்போதும் அதே கரகரப்பு. அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிறது. ஈபி லைன் அருகில் இல்லை. மேற்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. 1990-லிருந்து இயங்கும் நிலையம், நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. உலகெங்கும் அமெச்சூர்கள் கேட்டுக் குறித்து வைத்திருக்கும் அதன் அதிர்வெண் 18.2 கிலோஹெர்ட்ஸ். 3033.33-ஐ ஆறால் பெருக்கினேன். 18,200. ஒரு ஹெர்ட்ஸ் பிசகில்லை. தமிழ்நாட்டு மின்சாரத்துக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்த எண், தமிழ்நாட்டு நீர்மூழ்கி நிலையத்தின் மடியில் போய் உட்கார்ந்திருந்தது. 3067-க்கு மாற்றினேன். ஆறு மடங்கு 18,400. இருநூறு ஹெர்ட்ஸ் விலகல். கரகரப்பு நின்றது. அன்று தேடிப்போன சங்கிலி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அலை அதை எங்கே கொண்டுபோனதோ.

அதிலிருந்து என் கருவிகள் ஆன் செய்ததும் ஒரு விநாடி பல்ஸ் அடிக்காமல் காது கொடுக்கும். நூறோடு முப்பத்து மூன்று, நூறோடு அறுபத்தேழு என்ற வரிசையில் ஒவ்வோர் எண்ணையும் முயன்று பார்த்து, எதில் இரைச்சல் குறைவோ அதில் நிற்கும். பெரிய கம்பெனிக் கருவிகளில் இது வெகுகாலமாக உண்டு. ஆனால் அவை எல்லா எண்களையும் துழாவும். நமக்கு அது தேவையில்லை. நல்ல எண்கள் எவை என்று தெரிந்த பிறகு நாலைந்தைப் பார்த்தால் போதும்.

புதையல்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் இருப்பவனைத் தேடி அவர்கள் வராமல் இருப்பதில்லை. கையில் ஆன்டெனா மாதிரி ஒரு குச்சி, "ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கினேன், கொஞ்சம் ரிப்பேர் பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இதே மாதிரி வெற்றுக் குச்சியை ஏடிஇ 651 என்று பெயரிட்டு, வெடிகுண்டு காட்டும் கருவி என ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் லண்டனில் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஆறாம் அடுக்குக் கணக்கு தெரிந்தவர் எவரும் இந்தக் குச்சியை வாங்க மாட்டார். உண்மையிலேயே ஏதாவது கிடைத்துவிட்டால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் விக்டோரியா காலத்தில் வைத்த வரம்பு.

கடைசியாக, சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு. நீங்கள் கையில் எடுக்கும் சர்க்யூட் பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள் வரைந்ததாக இருக்கும். அதில் நொடிக்கு 1000 பல்ஸ் என்று போட்டிருந்தால், அவர்களுக்கு அது பொருந்தும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம் நூறு, முப்பத்து மூன்றுக்குப் பதிலாக அவர்களுக்கு நூற்றிருபது, நாற்பது. 120-இன் எட்டு மடங்கு 960, அதோடு 40 சேர்த்தால் சரியாக 1000. அதே 1000 நமக்கு 50-இன் 20-ஆம் மடங்கு; இரட்டைப்படை, சவலைதான் என்றாலும், அதன் ஒவ்வொரு மடங்கும் நேராகப் போய் முட்டுகிறது. வரைபடத்தில் உள்ளபடி செய்துவிட்டு, அங்கே ஓடுகிறது இங்கே ஓடவில்லை, ரிச்சி தெரு ஐசி போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மீது தப்பில்லை. டைமரின் ரெசிஸ்டரை மாற்றி 1033-இல் தொடங்குங்கள். பல்ஸை நிறுத்தி ரிசீவரை மட்டும் ஓட்டி, உங்கள் தெரு என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். காயில் சுற்றுவதெல்லாம் அப்புறம்.